பாளி மாறும் நேரத்துச் சண்டை

பம்பாயில் ஷிப்டுக்குப் பாளி என்று பெயர். மில்லுக்குப் போகிறவர்கள், மராட்டிக்காரர்களானாலும் திருநெல்வேலிக்காரர்களானாலும், அப்படித்தான் சொல்வார்கள். முதல் பாளி, ரெண்டாம் பாளி, ராத் பாளி. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபதுகளின் நடுவில், இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எங்கள் கல்யாண வாழ்க்கையை நடத்தியது இரண்டு பேர். அவருடைய மில்லில் பாளி போடுகிற மேஸ்திரி ஒருவன், நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ட்யூட்டி போடுகிற மேட்ரன் ஒருத்தி. அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. எங்களைப் போலத்தான்.

வீடு என்பது ஒரே அறை. மூத்தவளுக்கு நாலு வயசு, சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். பிள்ளைகளோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே என்று நாங்களேதான் எதிரும் புதிருமாகப் பாளி கேட்டு வாங்கினோம். அவருக்கு முதல் பாளி என்றால் எனக்கு மத்தியான ட்யூட்டி. அவருக்கு ராத் பாளி என்றால் எனக்குப் பகல். அவர் தலைமுடியெல்லாம் பஞ்சோடு உள்ளே வருவார், நான் வெள்ளைச் சேலையைச் சரி செய்துகொண்டு வெளியே போவேன். "பால் காய்ச்சியாச்சு. சின்னவனுக்கு வயித்தால போவுது, வாழைப்பழம் குடுக்காதிய." வார்டில் ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற மாதிரிதான். புருஷனைப் பார்த்து "வாங்க" என்று சொல்வதற்குப் பதில் "வாரேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்டை போடுவதற்கும் நேரம் வேண்டும். பழையது நாலை இழுத்து, புதுசு நாலைச் சேர்த்து, அழுது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு போட்டு, அப்புறம் மெல்லச் சமாதானத்துக்கு வந்து சேர ஒரு முழு ராத்திரியாவது வேண்டாமா? எங்களுக்கு வாசற்படி மட்டும்தான் கிடைத்தது.

சங்கரன்கோவிலில் இருந்த அவருடைய அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவளைத் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வரைக்கும் என்று பேச்சு. ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே இவர் ஆரம்பித்தார். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவர், சாதாரணமாகப் பேசினாலே சந்து முழுக்கக் கேட்கும்.

"ஏளா, அக்கா கேக்கா. பெரியவள அனுப்பிருவமா?"

"ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்றைக்கு ட்யூட்டி முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டைதான். கட்டுக் கட்டும்போது ஒரு பதில், ஊசி போடும்போது ஒரு பதில். மறுநாள் வாசலில் அதையெல்லாம் கொட்டலாம் என்று போனால் அவர் தன் பங்குக்கு ஒன்றைத் தயாராக வைத்திருப்பார். "நல்லா வளப்பா, நம்மளவிட." அவ்வளவுதான், நேரம் முடிந்தது. அதற்கு நான் பதில் சொல்லும்போது ஒரு நாள் ஆகியிருக்கும். எதற்குப் பதில் என்று அவருக்கு மறந்திருக்கும்.

அப்புறம் மேட்ரன் மாறினாள். புது மேட்ரனிடம் கெஞ்சல் எதுவும் செல்லவில்லை. நான் வருவதற்கு முன்பே அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பாய் சம்சாரத்திடம் விட்டுவிட்டுப் போவார். பாய்க்குத் தோல் பட்டறை. அந்த அக்காவும் நம் தென்காசிப் பக்கம்தான், தங்கமான மனுஷி. அன்றிலிருந்து எங்கள் சண்டையும் அவள் வழியாகவே நடந்தது. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார், அவள் என்னிடம் சொல்வாள். நான் ஒன்றைச் சொல்வேன், மறுநாள் அவரிடம் போய்ச் சேரும்.

ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னேன். "எம்பிள்ளைய அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்பச் சொல்லுங்கக்கா."

அன்றைக்கு அவர் சொல்லிவிட்டுப் போயிருந்ததை அவளும் சொன்னாள். "பேச்ச விட்டுட்டாரும்மா. இனி அதப்பத்தி ஒண்ணுஞ்சொல்ல மாட்டாரு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த வாரம் அவர் மாட்டுங்காவிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து வைத்திருந்தார். நானும் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்து மூடிவிட்டுப் போனேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே அப்படி ஒரு கொஞ்சல் எங்களுக்குள்.

அடுத்த மாதம் அவருடைய வார லீவு நாளில், நான் ட்யூட்டிக்குச் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் தாதர் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் அக்காவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மதினி கையில் ஒரு தகரப் பெட்டி. வாங்கி வைக்கப் போனேன், கனமே இல்லை.

"என்ன மதினி, காலிப் பெட்டி?"

"பிள்ளைக்குத் துணிமணி வைக்கத்தான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நீதான சரின்னே?" என்றார்.

"நானா? நீங்கதான பேச்ச விட்டுட்டிய?"

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். அவள் வந்ததும் அழுதுவிட்டாள். இவர் சொல்லி அனுப்பியது, "அவ வேலைய விடட்டும், நானும் பேச்ச விட்டுருதேன்" என்று. நான் சொன்னது என்னையும் சேர்த்து அனுப்பச் சொல்லி. இரண்டிலும் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். என்னிடம் "பேச்ச விட்டுட்டாரு". அவரிடம் "அனுப்பச் சொல்லுதா".

"நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாக்கதே இல்ல. அதுலயும் சண்டை எதுக்குன்னுதான் தங்கச்சி" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. பஸ்ஸுக்கு நாழியாகிவிட்டது. "பிள்ளைய அனுப்ப மாட்டேன், இது கடைசி" என்று வாசலில் கத்திவிட்டு ஓடினேன். இந்த முறை சந்து முழுக்கக் கேட்டது என் குரல்.

மதினி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. பேசியிருந்தால் நான் விடுவேனா? சில நாட்கள் சும்மா உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபூர்வமாக நாங்கள் இருவரும் வீட்டில் இருந்த ஒரு சாயங்காலம், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "மத்தியானம் இந்தப் பிள்ளைக்கு யாரு சோறு போடுதா?"

"அவோதான்" என்று அவரைக் காட்டினேன்.

"நீ வந்துதான ஊட்டுத?" என்றார் அவர்.

மூத்தவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாய் வீட்டு அக்கா" என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. மதினி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு மதினியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நான் படுத்துத் தூங்கிவிட்டா பிள்ளையைப் பட்டினி போட்டேன்? இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். வேலையை விட்டிருக்கலாமே என்று இப்போது சுலபமாகக் கேட்கிறார்கள். மில்லை எப்போது மூடுவார்கள் என்று அவருக்கே தெரியாது. என் வேலை ஒன்றுதான் நிலையானது. அதோடு எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்கக் கூடாதா?

சரி என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. யாரும் என்னிடம் மறுபடி கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மசக்கை, முன்போல இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று தெரிந்தது. அவர் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். நான் துணிகளை மடித்தேன்.

மதினியோடு மூத்தவளை ஏற்றிவிட அவரும் லீவு போட்டார், நானும் லீவு வாங்கினேன். சின்னவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். செருப்பை மாட்டும்போது மூத்தவள் சந்தேகத்தோடு கேட்டாள். "ரெண்டு பேருமா வாறிய?"

"ஆமா" என்றார் அவர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கையை என்னிடமும் ஒரு கையை அவரிடமும் கொடுத்து, நடுவில் தொங்கிக்கொண்டு வந்தாள். எத்தனை தடவை தூக்கி ஆட்டினாலும் "இன்னொரு மட்டம், இன்னொரு மட்டம்" என்றாள். தாதர் பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்திலும் எங்கள் கையை விடவில்லை. ஊருக்குப் போகிறாய், அத்தை வீட்டில் இருக்கப் போகிறாய் என்று ஒரு வாரமாகச் சொல்லித்தான் இருந்தோம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், அதையே சாக்காக வைத்து இறக்கிவிடலாம் என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்ற எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைச் சேர்த்துப் பார்த்த சந்தோஷத்தில், தான் போகிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. வண்டி அசைந்தபோது எதிர்ச் சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் முழங்காலைத் தட்டி, எங்களைக் கை நீட்டிக் காட்டினாள்.

"எங்கம்மையும் எங்கப்பாவும் ஒண்ணா நிக்காவ, பாருங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள்.