ஆள் வராமல் வெட்டாத துணி

எங்கள் கடையில் தைப்பவளை எல்லோரும் டெய்லரக்கா என்போம். நான் காஜா எடுப்பவள், பட்டன் வைப்பவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். இருபது வருஷமாக அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவளிடம் ஒரு பிடிவாதம். பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தால் வாங்கமாட்டாள். அளவை எழுதி அனுப்பினாலும் மாட்டாள். ஆள் நேரில் வந்து நின்றால்தான் கத்தரியைத் தொடுவாள். இதனால் எத்தனை பேர் அடுத்த கடைக்குப் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அலமாரி மேல்தட்டில் ஒரு பச்சைத் துணி இருக்கிறது. அவள் தங்கைக்கு வாங்கியது. தங்கையை ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மறுவருஷமே இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டு பாலத்துக் கேட்டைப் பூட்டிவிட்டன. பதினாறு வருஷமாகிறது. நடந்தால் இருபது நிமிஷம். சுற்றிப் போக இரண்டு விமானம் ஏற வேண்டும், தையல்காரிக்கு அது நடக்கிற காரியமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் பேசிக்கொள்வார்கள். வீடியோவில் முகம் மட்டும் தெரியும்.

இந்தத் தேர்தலில் ஒரு கட்சி கேட்டைத் திறப்போம் என்றது. எந்தக் கட்சியையும் மதிக்காத அக்கா, இந்த முறை வாக்குச்சாவடி திறக்குமுன்பே போய் நின்றாள். துணியை இறக்கி இஸ்திரி போட்டாள். தங்கை வந்து நிற்பதற்கென்று கண்ணாடி முன்னால் கிடந்த பெட்டிகளை நகர்த்தினாள்.

அந்தக் கட்சி மண்ணைக் கவ்வியது.

மறுநாள் வெற்றி ஊர்வலம் கடை வாசல் வழியாகப் போனது. அக்கா மிஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையைத் திருப்பித் தைத்து, பிரித்து, மறுபடியும் அதே தப்பைச் செய்தாள். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. குடம் தூக்கி அலுத்துப்போய், எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் தருவதாகச் சொன்னவர்களுக்குப் போட்டேன். அவர்கள்தான் ஜெயித்தார்கள். கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டைத் திறந்தாள்.

"அளவு சொல்லுடி, எழுதிக்கிறேன்."

அக்காவின் பிடிவாதம் தங்கைக்கும் தெரிந்ததுதானே.

"அப்ப நான் வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டியாக்கா?"

"இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் துணி சும்மா கிடக்கணுமா? தச்சு சுத்துவழித் தபால்ல அனுப்புறேன். டேப்பை எடு."

தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மார்பு நாற்பத்திரண்டு என்றபோது அக்காவின் பேனா நின்றது. எழுந்துபோய்த் துணியை மேஜையில் விரித்து அளந்து பார்த்தாள். பத்தவில்லை. ஊருக்கெல்லாம் நேரில் வா என்று சொன்னவள், தங்கைக்கு மட்டும் மனசில் இருந்த உடம்புக்குத் துணி வாங்கி வைத்திருக்கிறாள். கல்யாணத்தன்று இருந்த உடம்பு அது.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"குண்டாயிட்டடி."

"மூணு பெத்தேன்ல," என்று தங்கை சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு, "நான் பாக்கவே இல்லையே" என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெட்டுத்துண்டு மூட்டையைத் தரையில் கொட்டித் தேடினேன். கொஞ்சம் கருத்த பச்சையில் இரண்டு துண்டு கிடைத்தது. பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் சரியாகிவிடும் என்று அவள் முன்னால் போட்டேன். நிறம் ஒட்டவில்லை, ஒட்டு தெரியும் என்றாள்.

"தெரியட்டும்கா. பதினாறு வருஷம் தெரியத்தானே செய்யும்."

கண்ணைத் துடைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். அவள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்க் குடத்தை இன்னும் அஞ்சு வருஷம் நான் தூக்கியிருக்கலாம்.