தேத்தண்ணிக்கு என்ன?

நாங்கள் எழுதிய புரோகிராம் பார்க்க அழகாக இருக்காது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, ஒன்றை அமுக்கினால் ஆம், இரண்டை அமுக்கினால் இல்லை. இரண்டாயிரத்துகளின் கடைசியில் எங்கள் ஊரில் புழங்கிய மலிவான ஃபோன்களில் தமிழ் எழுத்து வராது, வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் சின்னப் படமாக வரைந்து உள்ளே வைத்தோம். மரவள்ளிக்கிழங்கை மட்டும் நான்கு தரம் வரைந்தேன். கிழங்கையல்ல, அந்தச் சொல்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் கூட்டாளியும் ஒரு ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தோம். அவள் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை. சாப்பிட்டதை எல்லாம் ஃபோனில் பதிந்தால் அன்றைக்கு எத்தனை கலோரி என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை இரண்டு பெண்கள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்றால் அன்று யாரும் நம்பவில்லை. எனக்கு அதில் ஆத்திரமும் உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு.

டவுனில் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து தரும் ஒரு டொக்டர் அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனுஷி. தன் நோயாளிகள் எல்லோருக்கும் இப்படி ஒன்றைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். எங்களோடு போட்டிக்கு வந்தது கொழும்புக் கொம்பனி ஒன்று. டை கட்டிய இரண்டு பேர் வந்து, அவர்களும் சொற்களைப் படமாக்கி, மூன்று மொழியில், கலர் கலராகக் காட்டினார்கள். அவர்களுடைய உணவுப் பட்டியலில் பீட்சா இருந்தது. டொக்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் ஃபோன் இருந்த சில தோட்டத்துப் பெண்களிடம் கொடுத்தார். இரண்டு வாரம் இரண்டிலும் பதிய வேண்டும். இரத்தப் பரிசோதனையோடு எது ஒத்துப்போகிறதோ அதுதான் அவருடைய நோயாளிகளுக்கு. தோற்றால் எங்கள் இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

அந்தப் பெண்களில் என் அக்காவும் ஒருத்தி. கொழுந்து பறிப்பவள். நாற்பது வயதிலேயே சீனி வந்துவிட்டது.

முதல் வாரம் முடிந்ததும் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இரண்டு புரோகிராமும் ஒரே கதையைத்தான் சொல்லின. அந்தப் பெண்கள் சின்னப் பிள்ளை சாப்பிடுகிற அளவுகூடச் சாப்பிடவில்லை. இரத்தத்தில் சீனி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கொழும்புப் புரோகிராம் ஒரு படி மேலே போய், ‘உங்கள் உணவு போதாது, இன்னும் சாப்பிடுங்கள்’ என்று என் அக்காவுக்குப் புத்தி வேறு சொல்லியிருந்தது.

“உங்கட ஆக்கள் பொய் சொல்லீனம்,” என்றார் டொக்டர். “ஏச்சு விழும் எண்ட பயத்தில சாப்பிட்டதை மறைக்கினம். இப்பிடியெண்டா ரெண்டு புரோகிராமும் எனக்கு வேண்டாம்.”

எனக்கு முகம் சுட்டது. தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஆட்கள் பொய்யர்கள் என்றதைப் பொறுக்க முடியவில்லை. “இன்னும் ஒரு வாரம் இருக்குதானே டொக்டர்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். 

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு இல்லாத நாள், அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ரொட்டி என்றால் டவுன் கடை ரொட்டி மாதிரி அல்ல. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டு, உள்ளங்கைக் கனத்துக்குத் தட்டியது. ஒன்று தின்றால் மத்தியானம் வரைக்கும் தாங்கும். அக்கா சம்பலோடு இரண்டு தின்று, ஒரு கோப்பை தேத்தண்ணியும் குடித்தாள். எனக்கும் ஒன்று தந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். ‘காலை உணவு சாப்பிட்டீர்களா?’ என்று எங்கள் புரோகிராம் கேட்டது. அக்கா யோசிக்காமல் இரண்டை அமுக்கினாள். இல்லை.

“அக்கா! இப்பத்தானே ரெண்டு ரொட்டி தின்ன?”

“அது தேத்தண்ணி குடிச்சதுடி. சோறு இன்னும் ஆக்கவே இல்லையே. நீ சாப்பிட்டுத்தான் வந்தியா?”

“இல்லக்கா, வெறும் தேத்தண்ணிதான்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தேன். பாதி கடித்த ரொட்டி இருந்தது. காலையில் பஸ் ஏறுமுன் கடையில் இரண்டு வடை தின்றதும் நினைவுக்கு வந்தது. எங்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் தேத்தண்ணிக்குள் அடக்கம். பிறந்ததிலிருந்து இதே பேச்சைப் பேசிவிட்டு, புரோகிராம் எழுதும்போது மட்டும் பாடப் புத்தகத் தமிழில் கேட்டு வைத்திருக்கிறேன். என் மடத்தனத்தை நினைத்து அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அக்கா எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

அன்று பின்னேரமே கடையைத் திறந்தோம். ‘சாப்பிட்டீர்களா’ என்ற சொல்லை முழுதாகத் தூக்கினோம். அதற்குப் பதிலாக, ‘தேத்தண்ணிக்கு என்ன?’ என்று வரைந்தேன். காலைத் தேத்தண்ணி, பத்து மணித் தேத்தண்ணி, பின்னேரத் தேத்தண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வி வரும். ஒன்றை அமுக்கினால் ரொட்டி, இரண்டை அமுக்கினால் பேக்கரி பணிஸ், மூன்றை அமுக்கினால் கிழங்கு. சோற்றுக்குத் தனிக் கேள்வி. அக்கா கட்டித் தந்த ரொட்டியைத் தராசில் நிறுத்துத்தான் கணக்குப் போட்டோம். மறுநாள் கூட்டாளி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஒவ்வொரு ஃபோனிலும் புதியதைப் போட்டு வந்தாள்.

இரண்டாம் வாரத்து முடிவைப் பார்த்து டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்கள் கணக்கு இரத்தப் பரிசோதனையோடு ஒத்துப்போனது. கொழும்புப் புரோகிராம் இன்னமும் ‘சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்’ என்றே கெஞ்சிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெண்களிடம் தானே எழுந்து போனார்.

“நீங்கள் ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன்,” என்றார்.

எங்களுக்குக் கிடைத்த வெற்றி அதுதான். அவருடைய நோயாளிகள் எல்லோருக்கும் எங்கள் புரோகிராம் போனது பிறகு நடந்தது.

அடுத்த வருஷம் கொழும்புக் கொம்பனி தன் புரோகிராமைப் புதுப்பித்து வெளியிட்டது. அதே கலர், அதே பீட்சா. நடுவில் தமிழில் ஒரு புதுக் கேள்வி: ‘தேத்தண்ணிக்கு என்ன?’ கூட்டாளி கொதித்துப்போய் வழக்குப் போடலாம் என்றாள். நான் அந்த ஃபோனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். திரும்பவும் ஒரு தரம் வாசித்தாள்.

“ஏன்டி, இது நாம பேசுறதுதானே?”

“ஆமாக்கா. கொழும்புக்காரங்க போட்டிருக்காங்க.”

“அப்ப பரவாயில்ல,” என்றாள் அக்கா. “இப்பவாவது ஒழுங்கா கேக்கப் பழகிக்கிட்டாங்க.” ஒன்றை அமுக்கினாள். ரொட்டி.