பட்டுச் சேலையில் பூத்த பினாங்கு

பினாங்கில் துணி காய்வதில்லை, காய்ந்ததுபோல் நடிக்கிறது. கொடியிலிருந்து எடுத்த சட்டையைக் கன்னத்தில் வைத்தால் கதகதப்பாகத்தான் இருக்கும். மடித்து வைத்த மறுவாரம் காலருக்குள் மழைநாளின் வாசனை வரும். மகள் வீட்டில் எனக்கென்று இருப்பவை ஒன்பது சட்டைகள், ஆறு வேட்டிகள். தினமும் எண்ணி, முகர்ந்து பார்க்கிறேன். சன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே ஈரத் துணியாகத் தொங்குகின்றன.

பண்ணைப்புரத்தில் எங்கள் அலமாரிக்கு இந்தக் கவலை இல்லை. மலைச் சாரல் வீசும் மாதங்கள் போக, மற்ற நாளெல்லாம் வெயில்தான். என் மனைவி ராசாத்தி பட்டுச் சேலைகளின் நடுவே வேப்பிலைக் கொத்துகளை வைப்பாள். இரண்டு நாளில் சருகாகி, தொட்டால் நொறுங்கும். திராட்சைப் பந்தலையும் மாடுகளையும் விட்டு வரமாட்டேன் என்று அவள் அங்கேயே இருந்துகொண்டாள். பேத்தியின் நிச்சயத்துக்குத் தன் முகூர்த்தப் பட்டை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். பேத்தியும் அதைத்தான் கட்டுவேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டாள். இங்கே கார் நிறுத்துமிடத்து வேப்பமரத்தில் பறித்த பதினொரு கொத்துகளை நான் மடிப்புகளுக்குள் வைத்தேன். நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்பு திறந்தால், இலைகள் கறுத்து நைந்திருந்தன. சேலையில் சாம்பலும் வெள்ளையுமாகப் பூஞ்சை.

போனில் ராசாத்தி விடவில்லை.

"பச்சையாவா வச்சீக?"

"நீ வைக்கிற மாதிரிதான் வச்சேன்."

"இங்கன இலயோட ஈரத்தக் காத்து குடிச்சிரும். அங்கன சேலையில்ல குடிச்சிருக்கு! கொத்த எண்ணத் தெரியுது, காத்தப் பாக்கத் தெரியலையாக்கும்?"

"இப்ப என்ன செய்ய?"

"தண்ணி படப்படாது. நெழல்ல விரிச்சு, மெத்துன்னு பிரஷ்ஷால தட்டுங்க. வெயில்ல போட்டீகன்னா நெறம் போயிரும்."

வாசல் நடையில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரே திசையில் தட்டினேன். எதிர் வீட்டுச் சீன அம்மாள் பார்த்துவிட்டு, வெள்ளைக் கட்டிகள் நிறைந்த ஒரு டப்பா கொண்டுவந்தார். சீன உப்புப் போலும் என்று நன்றி சொல்லி அடுப்பருகே வைத்தேன். "நோ குக், அங்கிள், நோ குக்! கபர்ட்!" என்று என் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போனார். அது ஈரம் குடிக்கும் மருந்தாம். அலமாரியை நகர்த்தினால் சுவரிலும் கறுப்பு. வினிகர் தொட்டுப் பலகைகளைத் துடைத்தேன், மின்விசிறி வைத்துக் காயவிட்டேன், சுவருக்கும் அலமாரிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டேன். என்னைப்போல் ஈர நாடுகளுக்கு வந்தவர்கள் பச்சை இலையை மறந்துவிடுங்கள். பகலில் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள். டப்பாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ந்தது. எங்கள் துணிகளுக்குள் இவ்வளவு மழை தூங்கியிருக்கிறது.

பூஞ்சை போயிற்று. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய கறை மட்டும் போகவில்லை. வீடியோவில் காட்டினேன். ராசாத்தி வெகுநேரம் பார்த்தாள்.

"முந்தியில இல்லையே?"

"இல்ல. முந்திக்கு எதிர் ஓரம்."

"அது இடுப்புல சொருகுற பக்கம். அங்கன கறை இருந்தா எந்த மாப்ள வீட்டுக்காரன் பாக்கப் போறான்? போயி வேற வேலையப் பாருங்க."

நிச்சயத்தன்று பேத்தி அந்தப் பட்டில் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சரிகை முந்தியைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊர்ச் சேலை என்று கேட்டார்கள். நான் போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். அதில் ராசாத்தியும், அவளுக்குப் பின்னால் வெயிலும். எல்லோரும் பார்த்த பக்கத்தில் பண்ணைப்புரம் மின்னியது. யாரும் பார்க்காத, உடம்போடு ஒட்டிய பக்கத்தில் பினாங்கு வெளிறிக் கிடந்தது. பேத்தி நடந்தபோது இரண்டும் சேர்ந்தே அசைந்தன.