ஒரு வயர் கழன்றதற்கு முழுக் கணினியுமா?

திரை உறைந்து கிடந்தது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது, நான் எழுதிய ட்ரைவர் நிரலை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறேன் என்று.

பழுகாமத்தில் மாமாவின் வயல்வட்டைக்கு வாவியில் கலக்கும் ஓடையிலிருந்துதான் தண்ணீர் இறைப்போம். மழை பிந்தினால், கடலோடு சேர்ந்த வாவியின் உப்பு ஓடைக்குள் ஏறிவிடும். இளம்பயிர் அதைத் தாங்காது. மாமா பம்ப் அருகிலேயே குந்தியிருந்து, அடிக்கடி தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். கரித்தால் நிறுத்துவார். அந்த வேலையை நான் ஒரு உப்புச் சென்சரிடமும் உள்ளங்கை அளவுக் கணினியிடமும் கொடுத்தேன். சென்சர் சொல்வதைக் கணினிக்கு விளங்கவைக்கும் ட்ரைவரை நானே எழுதி, கேர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே வைத்தேன். நான் பார்த்து எழுதிய மாதிரிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அதுதான் கெட்டித்தனம் என்றும் நினைத்தேன்.

மாமாவின் கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாவிக்கரை ஆட்கள் தண்ணீரில் கிடக்கும் தடியோ வலையோ எதைக் கண்டாலும், போகிறபோக்கில் தூக்கிப் பாசியை உதறிவிட்டுத்தான் போவார்கள். சென்சரையும் அப்படித் தூக்கி உதறினார். வயர் கணினியிலிருந்து கழன்றது. அங்கே இல்லாத சென்சரை என் ட்ரைவர் தொடப்போக, கேர்னல் விழுந்தது. கேர்னல் விழுந்தால் மிச்சம் என்ன? பம்பை நிறுத்தவேண்டிய நிரலும் சேர்ந்து விழுந்தது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் முதல் துண்டு வயலில் உப்புத் தண்ணீர் பாய்ந்துவிட்டது.

மாமா அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். “என்ன புள்ள, பாசிய உதறினதுக்கு உன்ட மெசினுக்கு வலிப்பு வருது?”

“நீங்க வயர இழுத்துப்போட்டீங்க மாமா.”

“பாசி புடிச்சா உதறத்தானே வேணும்? இன்னொருக்கா இப்பிடி நடந்தா கழட்டி உன்ட கையில தந்திருவன். மறுகா பழையபடி என்ட நாக்குதான்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. பிழை என்னுடையது.

காத்தான்குடியில் இருக்கும் வகுப்புத்தோழிக்கு போன் எடுத்து, ட்ரைவரைக் கேர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் இடத்துக்குக் கொண்டுவரப் போகிறேன் என்றேன். அவள் கேர்னல் கட்சி.

“ஒவ்வொரு அளவும் கேர்னலுக்கு உள்ளயும் வெளியயும் நடந்து திரியணும்டி. வேகம் போயிரும்.”

“உப்பு என்ன மோட்டச்சைக்கிள்லயா வருது? நொடிக்கு ஒருக்கா அளந்தாலே தாராளம்.”

“அப்ப நெட்வேர்க்கையும் வெளியில போடப்போறியா?”

“இல்ல. ஓடையில ஊறிக் கிடக்கிற சாமான மட்டும்தான்.”

“சரி, வெளியில போட்டாலும் உன்ட நிரல் செத்தா பம்ப் ஓடும்தானே?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அவள் கேட்டது சரி. வெளியே ஓடும் நிரல் செத்தால் அது மட்டும்தான் சாகும்; அது கணினியைக் காப்பாற்றும், வயலைக் காப்பாற்றாது. ஆகவே இன்னொரு சிறு நிரலைக் காவலுக்கு வைத்தேன். வெளியே கொண்டுவந்த ட்ரைவர், அதாவது சென்சர் நிரல், நொடிக்கு ஒரு தரம் ‘இருக்கிறேன்’ என்று சொல்லவேண்டும். ஐந்து நொடி சத்தம் இல்லையென்றால், காவல் நிரல் பம்பை நிறுத்திவிடும். ட்ரைவர் கேர்னலுக்குள் இருந்தபோது இதைச் செய்திருந்தாலும் பயனில்லை. அது விழும்போது காவலுக்கு நிற்கவும் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

வீட்டு மேசையில் வைத்து வயரை இழுத்தேன். சென்சர் நிரல் செத்தது. ஐந்து நொடி கழித்து ‘டிக்’ என்று பம்பின் சுவிட்ச் விழுந்தது. திரை உயிரோடு இருந்தது! வயரைச் செருகியதும் நிரல் தானாக எழும்பியது. எத்தனை தரம் இழுத்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் என் கை மரியாதையான கை, நேராக இழுக்கும். ஈரத்தோடு, கோணலாக, பாதி கழன்றும் கழலாமலும் இழுக்கிற கை மாமாவுடையது. வயரைச் செருகும் துவாரத்தைப் பார்த்துக்கொள்ளும், நான் எழுதாத இன்னொரு ட்ரைவரோ இன்னமும் கேர்னலுக்குள்தான் இருக்கிறது. அது தடுக்கி விழுந்தால் திரை மறுபடியும் உறையும்.

அதனால் சனிக்கிழமை காலை அவரையே வரச்சொல்லியிருக்கிறேன். பம்பின் குழாயை வயலுக்கு விடாமல் ஓடைக்கே திருப்பிவைத்து ஓடவிடுவேன்.

“உதறவா? நல்லா உதறவா?” என்று கேட்டார்.

“உங்கட பலம் எல்லாத்தையும் காட்டுங்க மாமா.”

திரை உறைந்தால், அவர் கழட்டித் தருவதை வாங்க நானே கையை நீட்டுவேன். உறையாவிட்டால், அன்றைக்கே குழாயை வயல் பக்கம் திருப்புவேன்.