மொக்கம்மாளின் கைவேகம்

போடியிலிருந்து விடியும் முன் புறப்பட்டு மலைமேல் உள்ள மெட்டுக்கு ஏறும் ஜீப்பில், எழுபதுகளின் இறுதியில் மொக்கம்மாளுக்கு முன்னிருக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. கேரளாவில் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் அவளளவுக்குக் காய் எடுப்பவர் எவரும் இல்லை என்பதே காரணம். செடியின் அடியில் குந்தி, தரையோடு படர்ந்த காய்ச்சரத்தை இடக்கையால் தூக்கி, முற்றிய காயை மட்டும் வலக்கையால் கிள்ளி எடுப்பாள். இளங்காய் தவறியும் கூடையில் விழாது.

அவளுடைய அண்ணன் மனைவி ராக்கு பின்னால் நெருக்கியடித்து வருவாள். கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். மழையில் சரிவில் விழுந்து மணிக்கட்டு பிசகியதிலிருந்து அவளுடைய கை மெதுவாகவே ஓடியது. ஆயினும் இருவருக்கும் ஒரே நாட்கூலிதான். அதுவும் கீழே போடியில் கிடைத்ததைப்போல் இருமடங்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்துக் கூலி மீண்டும் உயர்ந்தது. அந்த வாரமே மானேஜரும் கங்காணி பெரியகருப்பனும் மொக்கம்மாளின் வரிசைக்கு வந்தார்கள்.

"ஆத்தா, இன்னைக்கு யாருக்காகவும் நிக்காத. ஒங் கை எம்புட்டு எடுக்குதுன்னு சார் பாக்கணுமாம்" என்றார் கங்காணி.

எதற்கென்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்த அழைப்பு இனித்தது. மாலையில் கூடை தராசில் ஏறியதும் மானேஜர் மலையாளத்தில், "மிடுக்கி!" என்றார். கெட்டிக்காரி என்று பொருள். வீடு திரும்பும்வரை அந்தச் சொல்லை ராக்குவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாளே அவள் எடுத்த காயின் எடையை ஒட்டி நாளொன்றுக்கான அளவு வகுக்கப்பட்டது. எட்டியவர்க்கு முழுக்கூலி, எட்டாதவர்க்கு அரைக்கூலி, தொடர்ந்து எட்டாதவர்க்கு ஜீப்பில் இடமில்லை.

"கேரளாக் கூலி வேணும்னா கையும் அதுக்கேத்த மாதிரி ஓடணும்ல" என்றார் கங்காணி.

"மிடுக்கி வர்றா, எடம் விடுங்கடி" என்று ஜீப்பில் உடன் வரும் சோலையம்மாள் குரல் கொடுத்தாள். "இல்லாட்டி நம்ம முதுகு மேல ஏறி ஒக்காந்துக்குவா."

மொக்கம்மாள் கங்காணியைத் தனியே மறித்தாள். "அண்ணே, என் எடையில கொஞ்சத்த எங்க மதினி பேருல போட்ருங்க."

"ஒன் அளவு போக மிச்சமும் இருக்குன்னா, நீ இன்னமும் கூட எடுப்பன்னுல்ல சார் நெனப்பாரு? அளவு இன்னும் ஏறும் ஆத்தா."

அம்மாத இறுதியில் ராக்குவின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ராக்கு போடியில் ஒரு கிட்டங்கியில், சரக்குக் கிடங்கில், ஏலக்காயின் காம்பு கிள்ளி ஆயப் போனாள். அதே கை, அதே நாள் முழுதுமான உழைப்பு. கூலி மட்டும் பாதி. மூத்த மகனின் படிப்பு நின்றது. முன்னிருக்கையில் தொடர்ந்து சென்ற மொக்கம்மாளோடு எவரும் வெற்றிலை பகிர்ந்துகொள்ளவில்லை. அடுத்த பருவம் முடிவதற்குள் அவளும் மலையை விட்டு இறங்கி, அதே கிட்டங்கியில் ராக்குவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவள் பெயர் அங்கும் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தது. முதலாளி ராஜாராம் தாமே சுளகு நிறையக் காய் அள்ளிவந்து வைத்தார். "மேல காட்டுன வேகத்த இங்க காட்டு. மேல வாங்குன கூலியத் தர்றேன்."

"எனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

"வெரசா ஆயிறவுகளுக்கு. நாள் கணக்கு ஒண்ண முடிவு பண்ணணும்ல."

சுற்றிலும் கைகள் நின்றன. ராக்கு மட்டும் நிமிராமல் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள். மொக்கம்மாள் ஒரு காயை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், காம்பைக் கிள்ளினாள், மறுபடி திருப்பிப் பார்த்தாள். உச்சிப்பொழுதிலும் சுளகில் பாதி மிஞ்சியிருந்தது.

"மலைப்பனியில கை வெறைச்சுப்போச்சோ?" என்று ராஜாராம் சிரித்தார்.

"வயசாகுதுல்ல மொதலாளி" என்றாள் அவள். அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

புதிய நாள் கணக்கு எதுவும் வரவில்லை; எல்லோருக்கும் பழைய கூலியே நீடித்தது. மாலையில் சேலையை உதறி எழுந்த ராக்கு, அவளைப் பாராமலே கேட்டாள்: "அன்னைக்கும் இந்தக் கை இப்படிக் கொஞ்சம் வெறைச்சிருக்கக் கூடாதா?"



அதன்பின் அங்கே எவர் முன்னிலையிலும் மொக்கம்மாளின் கை விரையவில்லை. மற்றவர்கள் சாப்பிட எழும் வேளையில் மட்டும் விரல்கள் பழையபடி ஓடும். ஆய்ந்த காய் ராக்குவின் சுளகில் விழும். ராக்கு திரும்பி வந்து சுளகைப் பார்ப்பாள். உட்கார்ந்து மீதியை ஆயத் தொடங்குவாள்.