மச்சானின் மணிக்கட்டில் என்ன இருந்தது?

போன வாரம் முழுக்க என் மச்சான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தழும்பைக் காட்டத்தான்!

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். திருச்சுழியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இரண்டு கை விரல்களும் மரத்துப்போய், டப்பா மூடியைத் திறக்கக்கூட முடியாமல் தவித்தார். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சொல்லி, மதுரையில் முதலில் வலது கையில் ஆபரேஷன் செய்தார்கள். தையல் பிரித்தாகிவிட்டது. இப்போது மெல்லிய கோடு மட்டும். பிரஷ் வாங்க வந்தவர்கூட அதைப் பார்க்காமல் கடையை விட்டு இறங்க முடியாது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வெட்டியெடுத்த சதைத் துணுக்கை லேபுக்கு அனுப்பியிருந்தார்களாம். ரிப்போர்ட் வந்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்றார்கள்.

மச்சானுக்குக் கோபம். "புண்ணுதான் ஆறிருச்சுல்ல மாப்ள? வெட்டிப் போட்டத வச்சு என்னத்தப் பாக்குறாக?"

கெஞ்சிக் கூத்தாடி பஸ் ஏற்றினேன். அக்கறை பாதி, ஆர்வம் பாதி. அந்தத் துணுக்கில் அப்படி என்னதான் இருக்கும்?

டாக்டர் சின்ன வயசுப் பெண். தழும்பைத் தடவிப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்றார். மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

அடுத்து டாக்டர் சொன்னது எனக்குப் புதிது. வெட்டுப்பட்டதும் ரத்தம் உறைகிறது. செல்கள் வந்து குப்பையை அள்ளுகின்றன. பிறகு கொலாஜன் என்ற புரதத்தை நூல் நூலாகப் போட்டு இடைவெளியை அடைக்கின்றன. மேல்தோல் மூடிய பிறகும் உள்ளே மாதக்கணக்கில் வேலை நடக்கிறது — போட்ட நூலையே பிரித்துத் திருத்திப் போடுகிறது உடம்பு.

ஆனால் மச்சானின் துணுக்கில் இருந்தது வேறு புரதம். தப்பாக மடிந்தது. ஒன்றோடொன்று ஒட்டி, வந்த இடத்திலேயே படிந்துவிடுமாம். உடம்பால் அதை லேசில் அள்ள முடியாது. அமிலாய்ட் என்று பெயர். மணிக்கட்டில் படிந்தால் நரம்பை நெருக்கும். இதயத்தில் படிந்தால்? சுவர் விறைத்துப்போகும்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா சார்?"

"நான் மாடியே ஏறுறதில்லம்மா."

எனக்குச் சுருக்கென்றது. கடை மாடியில் இருந்த குடோனைப் போன வருஷம்தான் கீழே இறக்கினார். வாஸ்து சரியில்லை என்றார். நாங்களும் நம்பினோம்.

"மச்சான்... வாஸ்துன்னு சொன்னீக?"

அவர் தரையைப் பார்த்தார். "பாதிப் படியில நின்னுருவேன் மாப்ள. வர்றவுக போறவுக பாக்குறாகளேன்னு வெக்கமா இருந்துச்சு."

பயந்துபோனேன். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இதயச் சுவர் தடித்திருந்தது. எந்த வகை அமிலாய்ட் என்று தெரிய இன்னும் சில டெஸ்ட்டுகள் பாக்கி. மேலும் படியாமல் தடுக்க மருந்து இருக்கிறதாம். ஏற்கெனவே படிந்ததை எடுப்பதுதான் கஷ்டம்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மச்சானே அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தடுமாறினார். "எனக்கு... ஒரு வருசமா மூச்சு வாங்குது."

அக்கா சொன்னாள்: "தெரியும். ஒரு வருசமா மொட்டமாடிக்குத் துணி வாளிய நான்தான தூக்கிட்டுப் போறேன்? கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேக்கல."

அவருக்குச் சொல்ல வெட்கம். அவளுக்குக் கேட்கத் தயக்கம். நடுவில் ஒரு வருஷம் போயே போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது மாடிக்கு வருவதை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே கேட்டுவிடுங்கள். வெட்கமெல்லாம் ரெண்டு நாளில் ஆறிவிடும்.