நடிச்சுக் காட்டுங்க, மாத்திரை தரேன்

மெடிக்கல் ஷாப் வேலைன்னா ரெண்டே ரெண்டுதான்: டாக்டர் எழுதினது நமக்குப் புரியணும், நாம சொல்றது வந்தவங்களுக்குப் புரியணும். இந்த ரெண்டும் ஒரே நாள்ல நடந்த கடையை நான் இன்னும் பாக்கல. கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நின்னு கால் வீங்கின புண்ணியவான்கள் யாராச்சும் இதைப் படிச்சா, நீங்க பாத்திருந்தா சொல்லுங்க.

நான் கீழ்பென்னாத்தூர்ல ஆறு வருஷம் மருந்து எடுத்துக் குடுத்தவ. அந்தக் கடையை மூடிட்டாங்க. திருவண்ணாமலையில, செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம் ஒரு மெடிக்கல்ல ஆள் வேணும்னாங்க. காலையில ஆறு மணிக்குக் கடை திறக்கணும், ஊர்லேர்ந்து பஸ் புடிச்சு வந்து ஆகுற காரியமில்ல. அடி அண்ணாமலையில வீடு பாத்தோம். பொண்ணை இங்கயே ஆறாவது சேத்தோம். வீட்டுக்காரரும் அவர் ஓட்டுற வேனை இங்க கொண்டாந்து நிறுத்திட்டாரு. ஊர் உலகத்துல எல்லாரும் வேலைக்குனு பெங்களூரு போறாங்க, பூனா போறாங்க, போன எடத்துல பாஷை தெரியாம முழிக்கிறாங்க. நான் டவுன் பஸ்சுல வந்து முழிச்சேன்.

ஏன்னா, கடைக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல தெலுங்கு. மீதி இந்தி. மீதியில மீதி வெள்ளைக்காரங்க. தமிழ்ல வாயைத் தொறந்து பேசுற ஒரே ஆள் மருந்து கம்பெனி ரெப், அவரும் பாதி இங்கிலீஷ். முதலாளி ஒரு வாரம் என்னைக் கவனிச்சாரு. அறுபது வயசு, நெத்தியில பட்டையா விபூதி, கோவமே வராத மாதிரி ஒரு முகம். எட்டாவது நாள் கூப்பிட்டுச் சொன்னாரு: "வேலை நல்லாத்தான் தெரியுதும்மா உனக்கு, பாஷைதான் கம்மி. கார்த்திகை தீபம் வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள தெலுங்கு வரலைன்னா, சித்தூர்ல ஒரு பொண்ணை எங்க மச்சான் சொல்லி வெச்சிருக்காரு."

சேகர் அண்ணன் முறை

கடையில எனக்கு முன்னாடியே பதினஞ்சு வருஷமா இருக்கிறவர் சேகர் அண்ணன். ஸ்டாக் எடுத்து வெக்கிறது, பில் போடுறது எல்லாம் அவர்தான். இத்தனை வருஷத்துல அவர் கத்துக்கிட்ட தெலுங்கு எவ்வளவுன்னு கேட்டேன். "எதுக்கு?"னு கேட்டாரு. சரி, நமக்கு ஏத்த குருதான்னு நெனச்சுக்கிட்டேன்.

அவர் முறையே வேற. ஒரு ரஷ்யாக்காரர் வந்து ஏதோ கேட்டாரு. அண்ணன் தமிழ்லயே, "சாப்பாட்டுக்கு அப்புறம்"னாரு. அந்த ஆள் முழிச்சாரு. அண்ணன் கவுண்டர் மேல எம்பி நின்னு, "சாப்பாட்டுக்கு அப்புறம்"னு ஒரு கத்து கத்துனாரு பாருங்க, எதிர்ல டீக்கடையில உக்காந்திருந்தவங்க எழுந்துட்டாங்க. ரஷ்யாக்காரர் பயந்து போய்த் தலையை ஆட்டிட்டு நடையைக் கட்டினாரு. அண்ணன் என்னைப் பெருமையா பாத்தாரு: "சத்தமா சொன்னா எல்லா பாஷைக்காரனுக்கும் புரியும்மா."

பெரிய மனுஷர் நடிச்ச நாடகம்

எனக்குத் தொண்டை அவ்வளவு இல்ல. அதனால நடிச்சுக் காட்டச் சொல்ற வழிக்கு வந்தேன். தலைவலியா, தலையைப் புடிச்சுக் காட்டு. இருமலா, இருமிக் காட்டு. பச்சைக் குழந்தைக்குக் கூட புரியுற விஷயம்.

ஒரு நாள் தெலுங்குப் பெரிய மனுஷர் ஒருத்தர் வந்தாரு. ஜரிகை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி, பாத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோணும். அவருக்கு வயித்துப்போக்கு. இதை எப்படி நடிக்கிறது, நீங்களே யோசிச்சுப் பாருங்க. முதல்ல வயித்தைத் தடவினாரு. பசியான்னு சைகையில கேட்டேன். இல்லைன்னாரு. வயித்தைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு அடி ஓடிக் காட்டினாரு. எங்க ஓடுறார்னு எனக்கு வெளங்கல. அப்புறம், வேற வழியில்லாம, கண்ணாடியைக் கழட்டிப் பையில வெச்சுட்டு, வேட்டியை ஒதுக்கிக்கிட்டு நடுக்கடையில உக்காந்து காட்டினாரு. பின்னாடி வரிசையில ஒன்பது பேர்.

மருந்தை வாங்கிக்கிட்டு, யாரையும் நிமிர்ந்து பாக்காம போயிட்டாரு. அடுத்து நின்ன ஆள் சுத்தமான தமிழ்ல, "ரெண்டு பாராசிட்டமால் குடுங்க"ன்னாரு. வேலூராம், பொண்ணு குடுத்தது நெல்லூராம், ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடாம். அப்ப வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்னு கேட்டேன். "நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு, நடுவுல எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

மௌனம்

இந்த ஏரியாவுல இன்னொரு இம்சை உண்டு. சில பேருக்குப் பாஷை இருக்கும், பேச மாட்டாங்க. மௌன விரதம். வெள்ளைப் புடவை கட்டின ஒரு வெள்ளைக்கார அம்மா அப்படித்தான் வந்து நின்னாங்க. கழுத்துல 'மௌனம்'னு எழுதின அட்டை. எழுதிக் காட்டுங்கன்னு பேப்பரை நீட்டினா, அதுவும் விரதத்துல சேத்தியாம், கையை ஆட்டிட்டாங்க. தலைக்குப் பக்கவாட்டுல விரலை வெச்சு முகத்தைச் சுளிச்சாங்க. நான் தைலம் எடுத்துக் குடுத்தேன். பாத்தாங்க, பெருமூச்சு விட்டாங்க, வாங்கிக்கிட்டாங்க.

அடுத்த மாசம் அட்டை இல்லாம வந்தாங்க. வந்தவங்க தமிழ்ல பேசுறாங்க, அதுவும் நம்ம ஊர்த் தமிழ்ல. பன்னெண்டு வருஷமா இங்கதான் குடியிருக்காங்களாம். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அழுகை. "போன மாசம் எனக்கு வலிச்சது காதும்மா. நீங்க குடுத்தது தலைவலித் தைலம். பரவால்ல, தலை இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

சூரியன், சந்திரன்

பௌர்ணமி வந்தா மட்டும் நான் ராணி. பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல மலையைச் சுத்திட்டு வந்தவங்களுக்கு எந்தப் பாஷையும் தேவையில்ல, நேரா காலைத் தூக்கிக் காட்டிடுவாங்க. கொப்புளம், வீக்கம், முள்ளு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெம்புலதான் எனக்கு அறிவு ஜாஸ்தியாகி ஒரு வேலை செஞ்சேன். மாத்திரைக் கவர் மேல தமிழ்ல காலை, இரவுனு எழுதி என்ன பிரயோஜனம், யார் படிக்கப் போறாங்க? அதனால காலைக்குச் சூரியன் போட்டேன், ராத்திரிக்கு முழு நிலா போட்டேன். முதலாளியே பாத்துட்டு, பரவால்லியேன்னாரு. அன்னிக்கு வீட்டுக்குப் போய் ஒரு தட்டு கேசரி கிண்டினேன்.

அப்படி முட்டி வலிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி மட்டும் ஒண்ணு, நிலா போட்டு, ஒரு பௌர்ணமி அன்னிக்கு ஒரு பெரியவருக்குக் குடுத்தேன். ராஜமுந்திரிக்காரர். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் அதே கவரோட வந்து நிக்கிறாரு. முப்பது மாத்திரையில இருபத்தெட்டு அப்படியே இருக்கு. பெரியவர் முகத்துல கோவம், முதலாளி அந்தக் கவரையே பாத்துக்கிட்டு இருக்காரு. கூட வந்த மருமகன் சென்னையில வேலை பாக்கிறவராம், தமிழ்ல பொறுமையா எடுத்துச் சொன்னாரு: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாமா தவறாம போட்டுக்கிட்டாருங்க, முட்டி வலி இன்னும் போகலையாம்."

சித்தூர்ப் பொண்ணு

அன்னிக்கு சாயந்திரமே முதலாளி சித்தூருக்குப் போன் போட்டுட்டாரு. பொண்ணு அப்பதான் பள்ளிக்கூடத்துல ரெண்டு சிநேகிதி சேத்திருந்தா. மறுபடியும் மூட்டை கட்டணும்னா அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? பாஷை கத்துத் தர்ற புஸ்தகம் ஒண்ணு வாங்கி, சோறு வடிக்கும்போதெல்லாம் மனப்பாடம் பண்ணேன். அதுல ஒரு கஷ்டம். தெலுங்குல ஒரு வரி கேட்டுட்டா, வந்தவங்க சொந்தக்காரியைப் பாத்துட்ட மாதிரி இருபது வரி பதில் சொல்றாங்க. அந்த இருபதுல ஒண்ணு கூட புஸ்தகத்துல இல்ல.

தீபத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது லாவண்யா வந்தா, கடையைப் பாத்துட்டுப் போக. சித்தூர்ப் பொண்ணு அவதான். தெலுங்கும் தமிழும் ரெண்டு கை மாதிரி அவளுக்கு. ஒரு மணி நேரத்துல கூட்டத்தையே காலி பண்ணிட்டா, யாரும் ஓடிக் காட்டல, உக்காந்து காட்டல. வயித்தெரிச்சலா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. திமிர் புடிச்சவளா இருந்திருந்தா கூட மனசாரத் திட்டியிருப்பேன், அதுக்கும் வழியில்லாம தங்கமான பொண்ணு. போகும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டா: "அக்கா, வந்தவங்ககிட்ட என்ன செய்யுதுன்னு நான் கேக்கறதுக்குள்ள நீங்க அலமாரிகிட்ட போய் மருந்துல கை வெச்சிடறீங்க. எப்படிக்கா?"

முதலாளிக்கு அதெல்லாம் கணக்கில்ல. திங்கக்கிழமையிலேர்ந்து லாவண்யா வருவான்னு சொல்லிட்டாரு. எனக்குச் சனிக்கிழமை கடைசி.

வெறும் வாயு

வெள்ளிக்கிழமை, காலையில பதினோரு மணி. தீபத்துக் கூட்டம் சேர ஆரம்பிச்சு ரோடே நெரிசல். ஒரு தெலுங்கு அம்மா பேத்திக்கு மருந்து வாங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. முதலாளி வெளியிலேர்ந்து உள்ள வந்தாரு. கவுண்டரைப் புடிச்சுக்கிட்டு நின்னு, "ஒரு கேஸ் மருந்து எடும்மா. வாயு புடிச்சிருக்கு. காலையில பூரி சாப்ட்டேன், அதான், வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு. நல்ல தமிழ், தெளிவாச் சொன்னாரு. கீழ்பென்னாத்தூரா இருந்தா, திரும்பிக் கூட பாக்காம எடுத்துக் குடுத்திருப்பேன். ஆறு வருஷத்துல எத்தனை பேருக்கு அப்படிக் குடுத்தேனோ.

ஆனா அஞ்சு மாசமா யார் வாயையும் நம்பாம பழகிட்டேனே. என் கண்ணு அவர் கைக்குப் போயிடுச்சு. வலது கையை மூடி நடு நெஞ்சுல வெச்சு அழுத்திக்கிட்டு இருக்காரு. இடது கை தொங்குது. தலைக்கு மேல ஃபேன் சுத்துது, சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கு. விபூதி வேர்வையில கரைஞ்சு புருவத்துக்கு வந்துடுச்சு. அந்தத் தெலுங்கு அம்மா அவரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, தன் நெஞ்சுல கையை வெச்சு அழுத்திக் காட்டினாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை தேவைப்படல.

"கேஸ் மருந்து தர மாட்டேன் சார், ஆஸ்பத்திரிக்கு ஏறுங்க"ன்னேன். கோவமே வராத மனுஷனுக்கு அன்னிக்கு வந்துச்சு. "நான் ஓனரா நீ ஓனரா?"ன்னாரு. நாளைக்குப் போற வேலைதானேன்னு எனக்கு ஒரு தைரியம். சேகர் அண்ணன் ரோட்டுல எறங்கி, ஒரே கத்து. அவர் முறை வாழ்க, ஆட்டோ நின்னுச்சு. ஆட்டோவுல ரெண்டு பேருமா அவரை அமுக்கிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு போனோம். ஹார்ட் அட்டாக். அன்னிக்கே ஸ்டென்ட் வெச்சாங்க. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னப்ப, நான் அந்த வராண்டாவுலயே உக்காந்து அழுதேன். வேலை போறதுக்குக் கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

நாலு நாள் கழிச்சுப் பாக்கப் போனேன், ஒரு டஜன் சாத்துக்குடியோட. மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு. லாவண்யாவும் இருக்கட்டும், நீயும் இரு, ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கோங்கன்னாரு. தெலுங்குப் புஸ்தகத்தை நிறுத்திடாதேன்னும் சொன்னாரு, அந்தக் குணம் ஸ்டென்ட்டுக்கெல்லாம் மாறுமா. நான் கெளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டேன், பின்னாலேர்ந்து கூப்பிட்டாரு. குரல் கம்மியாதான் வந்துச்சு. "வாயுன்னு நான் தமிழ்லதானேம்மா சொன்னேன், அது கூடவா உனக்குப் புரியல?"

ஆக மொத்தம், தெலுங்கு புரியலைன்னு என்னை வீட்டுக்கு அனுப்ப இருந்த மனுஷன், தமிழ் புரியலைங்கிற ஒரே தகுதிக்காக வேலையில வெச்சுக்கிட்டாரு.